பழைய சொகுசு கார் வாங்கும் முன் நம்பகத்தன்மையைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் ஹேண்டில் ஒரு பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி, லெக்சஸ் என்று எதையாவது வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. நண்பர்கள், உறவினர்களோடு பல வருஷமாக வண்டி பார்க்கப் போய் வந்ததில் சேர்ந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனி வண்டி என்பதைவிட, உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரு வண்டி இதுவரை யார் கையில், எப்படி வளர்ந்தது என்பதுதான் முக்கியம்.

புதிய சாதாரண கார் விலைக்கு ஆறேழு வருஷமான சொகுசு கார் கிடைக்கிறதே, வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஒரு கணக்கு போட்டுவிட்டு வாங்குங்கள். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கும். அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் வேலைக்கூலியும் இறங்காது. புதிதில் ஐந்து பங்கு விலைக்கு விற்றது இன்று ஒரு பங்குக்குக் கிடைக்கிறது என்றால், அதன் ஹெட்லைட்டும் ஷாக் அப்சார்பரும் கியர்பாக்ஸும் இன்றும் அந்த ஐந்து பங்கு வண்டிக்கு உரிய விலையில்தான் வரும்.

நல்ல வண்டிகள் பலவும் கெட்டுப்போவது இரண்டாவது, மூன்றாவது கையில்தான். முதல் ஓனர் கேட்ட பணத்தைக் கொடுத்து முறையாக சர்வீஸ் செய்திருப்பார். அடுத்தவர் கையிருப்பு முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, சர்வீஸுக்குப் பணம் இல்லாமல் தள்ளிப்போட்டிருப்பார். அதனால் வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருஷச் செலவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அதை எடுத்துவைக்க முடியவில்லை என்றால் இன்னும் விலை குறைந்த, எளிமையான ஒரு மாடலுக்குப் போவது நல்லது.

நம்பகத்தன்மைப் பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஒவ்வொரு பட்டியலும் எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு படித்தால் உதவும். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் மூன்று வருஷமான வண்டிகளின் ஓனர்களைக் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறைகள் என்று கணக்கிடுகிறது. அதில் ப்ளூடூத் இணையாததும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. நீங்கள் பார்ப்பதோ எட்டு வருஷமான வண்டி. ஜெர்மனியின் டியூவ் அறிக்கை கட்டாய ஆய்வுக்கு வரும் வண்டிகளில் லைட், பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் கசிவு போன்றவற்றைப் பதிகிறது. நடுவழியில் எஞ்சின் நின்றுபோனது அதில் வராது. அங்கேயே ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம், தன் உதவி வண்டிகள் எத்தனை தடவை எந்த மாடலுக்குப் போயின என்று கணக்கு வைத்திருக்கிறது. அது சாலையில் நின்றுபோவதைக் காட்டும், மற்றவற்றைக் காட்டாது.

இவற்றை எல்லாம் பாருங்கள். பார்த்துவிட்டு மாடல்களை வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த மாடலிலும் ஆயிலே மாற்றாமல் ஓட்டப்பட்ட வண்டி இருக்கும்.

சரி, எந்த பிராண்டு நம்பகமானது?

பொதுவாகச் சொன்னால் லெக்சஸ். 1989-ல் எல்.எஸ். 400 என்ற முதல் மாடலோடு வந்ததிலிருந்து அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகிறது. அதன் எஞ்சின்களும் ஹைப்ரிட் அமைப்பும் தாய்க் கம்பெனியான டொயோட்டாவின் கைவண்ணம் என்பதால் புதுமைக்காக அவசரப்படுவதில்லை.

ஆனால் பிராண்டைவிட எஞ்சினைக் கேளுங்கள் என்பேன். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் கடைசியிலிருந்து 2008 வரை வந்த சாதாரண 911, பாக்ஸ்டர் வண்டிகளின் எஞ்சினுக்குள் ஐ.எம்.எஸ். என்று சொல்லப்படும் இடைத்தண்டு பேரிங் உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். அதே காலத்து 911 டர்போவும் ஜி.டி.3-யும் வேறு எஞ்சின், அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. 2009 மாடலிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்த பேரிங்கே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் 911-தான்.

பி.எம்.டபிள்யூவின் என்63 என்ற எட்டு சிலிண்டர் (வி8) எஞ்சின் 2008-ல் வந்தது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் இரண்டு டர்போக்களும் எஞ்சினின் இரு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் காய்ந்துபோய், ஆயில் குடிக்கிற எஞ்சின் என்று பெயர் வாங்கிவிட்டது. அமெரிக்காவில் அந்த எஞ்சினுக்கென்றே 2014-ல் கம்பெனி ஒரு தனிப் பழுதுநீக்கத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பல இதைவிட நிம்மதியானவை. மெர்சிடிஸில் 2000-களின் நடுவில் வந்த எம்272 வி6 எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் தேயும். ஆரம்பகால எஞ்சின்களுக்கு மட்டும் உள்ள குறை இது, எஞ்சின் நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு மாடலை மனதில் வைத்தவுடன் நீங்கள் தேட வேண்டியது அந்த எஞ்சினின் குறியீட்டுப் பெயரும், அதற்குத் தெரிந்த வியாதிகளும், எந்த வருஷத்தில் அவை சரிசெய்யப்பட்டன என்பதும்தான். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்தால் போதும். மாடல் புதிதாக வந்த முதல் வருஷ வண்டியைவிட, அதே மாடலின் கடைசி இரண்டு வருஷ வண்டி பெரும்பாலும் நல்ல தேர்வு.

வண்டியை நேரில் பார்க்கும் முன்பே என்ன சோதிக்கலாம்?

விற்பவரிடம் சேஸிஸ் நம்பரைக் கேளுங்கள். 1981 மாடல்களிலிருந்து இது 17 எழுத்து-எண்களாக நிலைபெற்றுவிட்டது. 1, 0 என்ற எண்களோடு குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. வந்தால் யாரோ தவறாக எழுதியிருக்கிறார்கள் அல்லது நம்பரில் கை வைத்திருக்கிறார்கள். நேரில் போகும்போது கண்ணாடியின் கீழ், கதவுத் தூண், பானட்டுக்குள் என்று எத்தனை இடத்தில் அந்த நம்பர் இருக்கிறதோ அத்தனையும் ஆவணத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

அந்த நம்பரைக் கொடுத்தால் கம்பெனியின் டீலர் இரண்டு விஷயம் சொல்ல முடியும். ஒன்று, அங்கே செய்த சர்வீஸ்கள். இன்னொன்று, பாதுகாப்புக் காரணங்களுக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வேலைகள் முடிந்தனவா என்பது. இரண்டாவதை அலட்சியம் செய்யாதீர்கள். டக்காடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தில் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, லெக்சஸ், ஃபெராரி என்று யாரும் தப்பவில்லை. விரிய வேண்டிய ஏர்பேக் வெடித்து உலோகத் துண்டுகள் பறந்ததில் உயிர்கள் போயின. அந்த மாற்று வேலை இலவசம். அப்படியிருந்தும் செய்யாமல் ஓடும் வண்டிகள் உண்டு.

விற்பவர் சேஸிஸ் நம்பரைத் தரத் தயங்கினால் அந்த வண்டிக்காகக் கிளம்ப வேண்டாம்.

சர்வீஸ் ரெக்கார்டில் எதைத் தேடுவது?

முத்திரைகள் வரிசையாக இருப்பதோடு திருப்தி அடையாதீர்கள், பில்களைக் கேளுங்கள். முத்திரையை யாரும் குத்தலாம். பில்லில்தான் என்ன ஆயில் ஊற்றினார்கள், எந்த பாகத்தை மாற்றினார்கள், அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதெல்லாம் இருக்கும்.

முதலில் எஞ்சின் ஆயில். பல சொகுசு கார்களில் கம்பெனியே 25,000, 30,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டலாம் என்று அனுமதித்திருக்கும். டர்போ எஞ்சினுக்கு அது அதிகம் என்பதுதான் இந்த வண்டிகளைப் பிரித்துப் பார்க்கிற மெக்கானிக்குகளின் கருத்து, என் கருத்தும் அதுதான். 10,000 முதல் 15,000-க்குள் மாற்றி வந்த ஓனர் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அவரிடம் வாங்குங்கள்.

அடுத்து கியர்பாக்ஸ் ஆயில். "இது ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஆயில்" என்று பல விற்பனையாளர்கள் சொல்வார்கள். பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் என்று பலரும் பயன்படுத்தும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதையா, விற்பவர் சொல்வதையா, எதைக் கேட்பது? 1,30,000 ஓடிய வண்டியில் இந்த பில் இல்லை என்றால் அந்த வேலை உங்கள் தலையில் வரும். விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

இடைவெளிகளையும் பாருங்கள். இரண்டு வருஷம் எந்த பில்லும் இல்லாமல் திடீரென்று வேறு ஊர் வொர்க்‌ஷாப்பில் தொடர்கிறது என்றால், நடுவில் என்ன நடந்தது என்று கேட்காமல் விடாதீர்கள்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது லேப்டாப் இருந்தால் சில நிமிஷ வேலை. ஆனால் மீட்டரில் தெரிகிற எண் வண்டிக்குள் வேறு இடங்களிலும் பதிந்திருக்கும். எஞ்சின் கன்ட்ரோல், கியர்பாக்ஸ் கன்ட்ரோல் என்ற சின்னக் கணினிகளில், சில பி.எம்.டபிள்யூ மாடல்களில் சாவிக்குள்ளேயும்கூட. ஒரு இடத்தில் திருத்தியவர் எல்லா இடத்திலும் திருத்தியிருக்க மாட்டார். இந்தக் கணினிகளைப் படிக்கும், பிராண்டுக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் இவற்றை ஒப்பிட முடியும்.

சில வண்டிகளில் எஞ்சின் ஓடிய மணிநேரமும் கிடைக்கும். கிலோமீட்டரை அந்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். 60,000 கிலோமீட்டர், 5,000 மணிநேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். வாழ்நாள் முழுக்க நெரிசலிலேயே நின்ற வண்டி அது, இல்லை என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. இரண்டில் எதுவானாலும் எஞ்சின் 60,000-க்கு மேல் உழைத்திருக்கிறது.

கருவி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் இடத்தில் தோல் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? டிரைவர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு, ஏறி இறங்கும்போது உராயும் இடம், நைந்திருக்கிறதா? பிரேக் பெடல் ரப்பரில் கோடுகள் அழிந்திருக்கிறதா? 40,000 ஓடிய வண்டியில் இவை மூன்றும் தேய்ந்திருக்கக் கூடாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம்புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். நிபந்தனை ஒன்றுதான்: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்கள்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்கு இந்தப் பாடம் ஒரு நஷ்டத்தில் வந்தது. முதல் தடவை சொந்தமாக ஒரு பழைய சொகுசு செடான் வாங்கப் போனபோது, விற்பவர் "உங்களுக்காக ஏசி போட்டு ரெடியாக வைத்திருக்கிறேன்" என்று வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தார். அன்பு என்று நினைத்தேன். எஞ்சின் சீராக, சத்தமே இல்லாமல் ஓடியது. வாங்கி வந்த மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது தகர டப்பாவில் கற்களைப் போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம், மூன்று விநாடி. எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது. ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடுகிற அந்தச் சத்தம், சூடான எஞ்சினில் கேட்கவே கேட்காது. அந்த மாடலில் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருந்தது. மாற்றுவதற்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டியிருந்தது. வண்டி வாங்கிய விலையில் கால்வாசி அதற்கே போனது. அன்று முதல் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், வணக்கம் சொன்ன கையோடு பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் லேசான நீராவி வந்து மறைவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் அடங்காமல், இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில். இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐந்து நிமிஷம் அப்படியே ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பிறகு ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். பின்னால் நீலமாக ஒரு மேகம் கிளம்பினால் வால்வு சீல்கள் காய்ந்துவிட்டன என்று பொருள். வி8 எஞ்சின்களில் இதைச் செய்யாமல் நான் நகர்வதில்லை.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் நடந்திருக்கிறது. கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மினுமினுப்பு மிதந்தால் பேச்சே வேண்டாம். எஞ்சின் பளிச்சென்று கழுவி வைக்கப்பட்டிருந்தால் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கசிவின் தடம் தண்ணீரோடு போயிருக்கும். அரை மணி ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் பாருங்கள்.

ஸ்கேன் செய்து பார்த்தோம், ஒரு எரர் கூட இல்லை. போதாதா?

போதாது. ஒரு எரர்கூட இல்லாத பத்து வருஷ சொகுசு கார் எனக்கு நிம்மதியைவிட சந்தேகத்தையே தரும். காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களை வரச் சொல்லியிருக்கலாம்.

அழித்ததைக் கண்டுபிடிக்கலாம். எரர்களை அழித்தால், வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி என்ற அமைப்பு தன் உள்சோதனைகளின் நிலையையும் சேர்த்தே அழித்துவிடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றின் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும். அவை மறுபடி முடிவதற்குப் பல தடவை பலவிதமாக ஓட்ட வேண்டும். மேலும், பெரும்பாலான வண்டிகளில் எரர் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றே ஒரு பதிவு உண்டு. விலை குறைந்த சாதாரண ஸ்கேனர்களும் இதைக் காட்டும். அங்கே 6 கிலோமீட்டர் என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்கே தெரியும்.

சாதாரண ஸ்கேனர் எஞ்சினை மட்டுமே முழுசாகப் படிக்கும். ஏர்பேக், சஸ்பென்ஷன், கதவுகள், ஸ்டியரிங் என்று வண்டிக்குள் இருக்கும் மற்ற பல கன்ட்ரோல் யூனிட்டுகளைப் படிக்க பிராண்டுக்குரிய மென்பொருள் வேண்டும்: பி.எம்.டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ். பேட்டரி பலவீனமாக இருந்தால் ஒரே நேரத்தில் இருபது முப்பது எரர்கள் வரிசை கட்டி நிற்கும், பயந்துவிடாதீர்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சிறிது ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் எது உண்மையான குறை என்று தெளியும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கும்போது அந்தப் பயணத்துக்கு ஈடு இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருப்பது ரப்பர் பை. ரப்பர் வருஷக்கணக்கில் மடிந்து விரிந்து வெடிப்பு விடும். சின்னக் கசிவு ஆரம்பித்ததும் அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் எரிந்துபோகும். ஒரு பையை மாற்றாமல் விட்டதற்கு இரண்டு பில்.

சோதிக்க ஒரு அளவுநாடா போதும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே இருக்கும் வளைவு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சில மணிநேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் அங்கே கசிவு. அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை என்றால், வந்ததும் ஒரு தடவை, புறப்படும்போது ஒரு தடவை அளங்கள். உயர்த்தித் தாழ்த்தும் பட்டன் இருந்தால் எல்லா நிலைக்கும் போகிறதா, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பாட்டை நிறுத்துங்கள், ஏசி ஃபேனைக் குறையுங்கள், விற்பவரின் பேச்சையும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தது 40 நிமிஷம் வேண்டும். கியர்பாக்ஸின் பல கோளாறுகள் ஆயில் சூடான பிறகுதான் தலைகாட்டும்.

மெதுவாக, மிதமாக, வேகமாக என்று மூன்று விதமாகவும் கிளம்பிப் பாருங்கள். கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல உதை விழுந்தாலும், எஞ்சின் ஒரு கணம் சும்மா சுற்றிவிட்டுப் பிறகு பிடித்தாலும் செலவு காத்திருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். வண்டி விட்டு விட்டு இடறினால், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கோளாறு இருக்கலாம், அல்லது டயர்கள் ஒத்துப்போகவில்லை.

டயரில் என்ன பெரிதாகத் தெரியப் போகிறது?

முந்தைய ஓனரின் மனசு தெரியும். பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நான்கு டயரும் ஒரே பிராண்டாக, ஒத்த தேய்மானத்தில் இருந்தால் அந்த வண்டியை யாரோ அக்கறையாக வைத்திருந்தார். நான்கும் நான்கு கம்பெனி, அதிலும் மலிவானவை என்றால், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எப்படிச் செலவழித்திருப்பார் என்று யோசியுங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் இது கஞ்சத்தனத்தோடு நிற்காது. தேய்மானம் வித்தியாசப்பட்ட டயர்களே டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும்.

அடிபட்ட வண்டியா, தண்ணீரில் நின்ற வண்டியா என்று எப்படித் தெரியும்?

பெயின்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 180 மைக்ரான் இருக்கும். ஒரு பேனலில் மட்டும் 300, 400 என்று காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்தது. ஆயிரத்தை நெருங்கினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். ஒரு விஷயம்: ஆடி ஏ8, 2003-க்குப் பிந்தைய ஜாகுவார் எக்ஸ்.ஜே., 2012-ல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்றவற்றின் பாடி அலுமினியம். காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழைய வழி அங்கே பலிக்காது. கருவியும் அலுமினியத்தையும் படிக்கிற வகையாக இருக்க வேண்டும். அலுமினிய பாடியை ஒழுங்காகச் சரிசெய்யத் தனி வசதி வேண்டும் என்பதால், பெரிய அடி வாங்கிய அலுமினிய வண்டியை நான் தொடுவதில்லை.

தண்ணீருக்கு, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. சீட் அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டில் முகர்ந்தால் அடங்காத புழுங்கல் வாடை, அதை மறைக்க அளவுக்கு மீறிய சென்ட், எல்லாமே தடயங்கள்.

வெள்ளத்தைப் பார்க்காத வண்டியிலும் தண்ணீர் புகும். சன்ரூஃபின் நான்கு மூலையிலும் இருக்கும் வடிகுழாய்கள் இலைச் சருகால் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கும். கார்பெட்டுக்குக் கீழேயும் டிக்கியின் அடியிலும்தான் பல சொகுசு கார்கள் தங்கள் கன்ட்ரோல் யூனிட்டுகளை வைத்திருக்கின்றன. டிரைவர் காலடியில் இருக்கும் மிதியடியைத் தூக்கிவிட்டு கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் கையில் ஒட்டினால் மின்கோளாறுகளுக்கு முடிவே இருக்காது.

வசதிகள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமா?

ஒவ்வொரு பட்டனையும். சீட்டின் எல்லா அசைவும், நான்கு கண்ணாடியும், தானாக மூடும் கதவுகள், டிக்கி மோட்டார், சன்ரூஃப், கேமராக்கள், இரண்டு சாவியும். ஹெட்லைட்டுக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளைவுக்கேற்பத் திரும்பும் எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்றின் விலையை விசாரித்துப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

குறைவாக ஓடிய வண்டி என்றால் நல்லதுதானே?

எப்போதும் இல்லை. பத்து வருஷத்தில் 25,000 மட்டுமே ஓடிய வண்டி பெரும்பாலும் நின்றபடியே வயதாகியிருக்கும். ரப்பர் சீல் காயும், டயர் இறுகும், ஆயில் சூடாகாமல் சின்னச் சின்னப் பயணங்களிலேயே ஈரம் கலந்து கெடும். நெடுஞ்சாலையில் 1,20,000 ஓடி, பில்கள் கோப்பாக இருக்கும் வண்டியை நான் அதற்கு முன்னால் வைப்பேன்.

டீசல் வண்டியில் இது இன்னும் முக்கியம். புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் நீண்ட ஓட்டத்தில்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் வரும் வாழ்க்கை டீசல் சொகுசு காருக்கு ஆகாது. உங்கள் ஓட்டமும் அப்படித்தான் என்றால் பெட்ரோலையே பாருங்கள்.

எலெக்ட்ரிக் அல்லது ஹைப்ரிட் சொகுசு கார் என்றால்?

பேட்டரியின் மிச்சமிருக்கும் திறன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பல கம்பெனிகள் பெரிய பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. அதில் எவ்வளவு மீதி, அடுத்த ஓனருக்கு மாறுமா என்று கேளுங்கள். மீதி சோதனைகள் எல்லாம் அப்படியேதான். ஏர் சஸ்பென்ஷனுக்கு எஞ்சின் வகை தெரியாது.

யாரிடம் கொண்டுபோய்ச் சோதிப்பது?

அந்த பிராண்டிலேயே தினமும் கை வைக்கும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம். பொதுவான மெக்கானிக் நல்லவராக இருக்கலாம். ஆனால் எந்த எஞ்சினில் எந்த மூலையில் ஆயில் கசியும் என்பது அதே எஞ்சினை ஐம்பது தடவை பிரித்தவருக்குத்தான் உடனே தெரியும். லிஃப்ட்டில் ஏற்றி, அடித்தட்டுக் கவரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கவரை மாட்டியபடியே பார்ப்பது பார்க்காததற்குச் சமம். கசிகிற ஆயிலை அந்த கவர் உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். நீங்களும் கூட நின்று பாருங்கள்.

அவரிடம் "வண்டி நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "அடுத்த இரண்டு வருஷத்தில் இதில் என்னென்ன மாற்ற வேண்டி வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

நீட்டித்த வாரண்டி எடுத்தால் கவலை இல்லையா?

எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். ஏர் சஸ்பென்ஷன் பைகள், ஆயில் கசிவு, டர்போ, தேய்மானம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு வரக்கூடிய செலவுகளில் பாதி அங்கேயே போய்விட்டது. ஒரு கிளெய்முக்கு எவ்வளவு வரை, சர்வீஸை எங்கே செய்தால் செல்லும் என்பதையும் பாருங்கள். கம்பெனியே தரும் வாரண்டியோடு வரும் வண்டிக்கு நான் தாராளமாக விலை கூட்டிக் கொடுப்பேன்.

எப்போது வேண்டாம் என்று திரும்பி வந்துவிட வேண்டும்?

காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விடவில்லை என்றால். வெளி மெக்கானிக்கிடம் கொண்டுபோக மறுத்தால். சாவி ஒன்றுதான், இன்னொன்று "ஊரில் இருக்கிறது" என்றால் அது கைக்கு வந்த பிறகுதான் பணம். கடன் நிலுவை தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். "இன்னொருவர் சாயங்காலம் பணத்தோடு வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் அவருக்கே விட்டுவிடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், மெக்கானிக்கின் பட்டியல் மட்டும் நீளமாக இருக்கிறது என்றால் அது திரும்பி வரக் காரணமாகாது. அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாங்கி, ஓட்டத் தொடங்கும் முன்பே அந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.